சாவியைக் கொடுக்கும் நேரம், கொடுக்கக் கூடாத நேரம்: விமானக் கடத்தலும் பயணிகளும்

நம் தென்னாப்பிரிக்காவில் ‘ஹைஜாக்’ என்று சொன்னால் முதலில் கண்முன் வருவது சிவப்பு ரோபாட்டில், அதாவது போக்குவரத்து விளக்கில், நிற்கும் கார்தான். விமானம் அப்புறம்தான் வரும். இந்தக் கட்டுரைக்கு அதுவே நல்ல தொடக்கம். காரில் நாம் கற்றுக்கொண்ட பாடத்தை விமானத்துக்கும் அப்படியே பொருத்திப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது.

போன மாதம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் கூடினோம். தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறவர்கள் முப்பது பேர். யார் யாருக்கு எந்த இருக்கை, எத்தனை கிலோ என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் விமானக் கடத்தல் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. “எவனாவது எழுந்து கத்தினால் நாலு பேர் சேர்ந்து பாய்ந்துவிட வேண்டும்” என்றான் ஒரு தம்பி. “அந்தக் காலத்து ஜனங்கள் பயந்தாங்கொள்ளிகள், அதனால்தான் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்” என்றார் இன்னொருவர். “இப்போதுதான் இவ்வளவு செக்கிங் இருக்கிறதே, இனிமேல் ஒன்றும் நடக்காது” என்றார் ஓர் அக்கா. மூன்றுமே தவறு. அதிலும் அந்த இரண்டாவது பேச்சு என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்படி அமைதியாக உட்கார்ந்திருந்து பிழைத்து வந்தவர்கள் செய்தது கோழைத்தனம் இல்லை. அன்றைக்கு அதுதான் சரியான காரியம்.

ஏன் என்று பார்ப்போம்.

கார் ஹைஜாக்கில் நாம் ஏன் சாவியைக் கொடுக்கிறோம்?

டர்பனில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது மனப்பாடம். துப்பாக்கியோடு ஒருவன் வந்து நின்றால் கைகள் அவன் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சட்டென்று அசையக் கூடாது. சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். இப்படிச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரே காரணம்தான். அவனுக்கு வேண்டியது கார். அது கிடைத்துவிட்டால் உங்களைச் சுடுவதால் அவனுக்கு லாபம் இல்லை.

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றுங்கள். அவனுக்குக் கார் வேண்டாம். உங்களை உள்ளே வைத்தே அந்தக் காரைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் மோதப் போகிறான். அது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அப்போதும் கையைக் காட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பீர்களா? மாட்டீர்கள். உங்கள் தைரியம் ஒரு நிமிடத்தில் கூடிவிடவில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்பதும், அது உங்களுக்குத் தெரிகிறது என்பதும்தான் மாறியிருக்கிறது.

விமானத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த இரண்டுதான்: கடத்துகிறவனுக்கு என்ன வேண்டும்? அது பயணிக்குத் தெரியுமா?

நம் ஓடுபாதையில் வந்து நின்ற ஏர் இந்தியா

இதற்கு வெளியூர் உதாரணம் தேடி அலைய வேண்டாம். 1981 நவம்பர் 25ஆம் தேதி, சால்ஸ்பரியிலிருந்து (இன்றைய ஹராரே) செஷல்ஸ் தீவுகள் வழியாகப் பம்பாய் போக வேண்டிய ஏர் இந்தியா போயிங் 707 ஒன்று மறுநாள் அதிகாலை டர்பனில், அப்போதைய லூயி போத்தா விமான நிலையத்தில் வந்து இறங்கியது. மியர்பேங்கில் வளர்ந்த எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா இன்றும் அதைச் சொல்வார். மியர்பேங்க் வீடுகளுக்கும் அந்த ஓடுபாதைக்கும் அவ்வளவு தூரம் இல்லை. விமானம் இறங்கும்போது கண்ணாடி ஜன்னல் அதிரும் பக்கம் அது.

நடந்தது இது. மைக் ஹோர் என்ற கூலிப்படைத் தலைவரின் கீழ் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செஷல்ஸ் அரசைக் கவிழ்க்கப் போனார்கள். கூலிப்படை என்றால் சம்பளத்துக்காகச் சண்டை போடும் ஆட்கள். பீர் குடிக்கும் நண்பர் குழு சுற்றுலா வந்திருக்கிறது என்று வேஷம். பைகளின் அடியில் ரகசிய அறை, அதில் ஏகே-47, மேலே குழந்தைகளுக்கான பொம்மைகள். ஒருவருடைய பையைச் சுங்க அதிகாரி துழாவியபோது துப்பாக்கி அகப்பட்டுவிட்டது. விமான நிலையத்திலேயே சண்டை வெடித்தது. அந்த நேரத்தில் வந்து இறங்கிய ஏர் இந்தியா விமானத்தைத்தான் அவர்கள் தப்பிக்கும் வண்டியாக எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே இருந்த பயணிகள் என்ன செய்தார்கள்? உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தானியங்கித் துப்பாக்கியோடு நாற்பது பேர். அவர்களுக்கு வேண்டியது டர்பன் போய்ச் சேருவது மட்டும்தான். யாராவது ஒருவர் பாய்ந்திருந்தால், வானத்தில் பறக்கும் உலோகக் குழாய்க்குள் குண்டு மழை பொழிந்திருக்கும். டர்பனில் இறங்கிய சில மணி நேரத்தில் கூலிப்படை சரணடைந்தது. பயணிகள் அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இது நம் ஊர்க் கதை என்பதால். அன்றைய நிறவெறி அரசு அவர்களில் பெரும்பாலோரை முதலில் வழக்கே இல்லாமல் விட்டுவிட்டது. உலக நாடுகள் கொதித்தெழுந்த பிறகுதான் கடத்தல் வழக்கு பதிவானது. 1982இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் விசாரணை நடந்து, ஹோருக்குப் பத்து ஆண்டுச் சிறை கிடைத்தது.

ஒத்துழை, தாமதப்படுத்து, இறக்கு

அந்தப் பயணிகள் உட்கார்ந்திருந்தது தற்செயலாக நடந்ததல்ல. 1968 முதல் 1972 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அமெரிக்க விமானங்கள் மட்டும் 130 தடவைக்கு மேல் கடத்தப்பட்டன. நிறையப் பேர் கியூபாவுக்குப் போகச் சொன்னார்கள், சிலர் பணம் கேட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் விமானப் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி உருவானது. அதற்குப் ‘பொது உத்தி’ என்று பெயர்: கடத்துகிறவனோடு மல்லுக்கு நிற்காதே, கேட்டதற்குத் தலையாட்டு, நேரத்தை இழு, விமானத்தை எப்படியாவது தரையில் இறக்கு, மிச்சத்தைத் தரையில் இருக்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். சாவியைக் கொடுப்பதன் விமான வடிவம் அது.

பயணியை இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவதைத்தான் பணயம் என்கிறோம். பணயத்துக்கு மதிப்பு, உயிரோடு இருக்கும் வரைதான். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து கிளம்பி, கடைசியில் காந்தகாரில் போய் நின்ற இந்தியன் ஏர்லைன்ஸ் 814 நம் எல்லோருக்கும் தெரியும். எட்டு நாள் கொடுமை. ஒரு பயணி கொல்லப்பட்டார். இந்தியா மூன்று பேரைச் சிறையிலிருந்து விடுவித்த பிறகு மற்றவர்கள் திரும்பினார்கள். விடுவித்தது சரியா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். ஆனால் உள்ளே இருந்த பயணி பொறுமையாக இருந்தது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, பேரத்துக்காக நடக்கும் கடத்தலில் காலம் பயணியின் பக்கம் நிற்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் பேச்சுவார்த்தைக்குக் கூடுதல் வாய்ப்பு.

அந்தக் கணக்கு உடைந்த காலை

2001 செப்டம்பர் 11. அமெரிக்காவில் நான்கு விமானங்களைக் கடத்தினார்கள். கடத்தியவர்களுக்குப் பணமும் வேண்டாம், கைதிகளும் வேண்டாம். விமானமே அவர்களின் ஆயுதம்.

முதல் விமானம் காலை 8:46க்கு நியூயார்க் கோபுரத்தில் மோதியது, இரண்டாவது 9:03க்கு. அந்த இரண்டிலும் இருந்தவர்களைப் பற்றி நினைத்துப் பாருங்கள். முப்பது வருடத்துப் பாடம் ‘அமைதியாக இரு, இறங்கிவிடுவோம்’ என்றுதான் சொன்னது. அதற்கு மாறாக நினைக்க அவர்களிடம் எந்தச் சேதியும் கிட்டத்தட்ட இல்லை.

நான்காவது விமானம் யுனைட்டட் 93. நூவர்க் விமான நிலையத்தில் நெரிசலால் அது தாமதமாகத்தான் கிளம்பியது. 8:00 மணிக்குக் கிளம்ப வேண்டியது 8:42க்குத்தான் மேலே ஏறியது. 9:28க்குக் கடத்தப்பட்டது. பயணிகளும் பணிப்பெண்களும் இருக்கைத் தொலைபேசியிலும் கைப்பேசியிலும் வீட்டாரை அழைத்தார்கள். ‘எங்கள் விமானத்தைக் கடத்திவிட்டார்கள்’ என்று அவர்கள் சொன்னபோது, மறுமுனையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மனைவிகளும் கணவர்களும் அம்மாக்களும் திரையில் பார்த்ததை அப்படியே சொன்னார்கள்: இரண்டு விமானம் கோபுரங்களில் மோதிவிட்டது.

அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. இவன் எங்கேயும் இறக்கப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துபோனது. தங்களுக்குள் பேசினார்கள். வாக்கெடுப்பு நடத்தினார்கள். 9:57க்கு விமானி அறையை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர்களைத் தள்ளிவிடக் கடத்தல்காரன் விமானத்தை இடமும் வலமுமாகப் புரட்டினான், மூக்கை மேலும் கீழும் ஆட்டினான். 10:03க்கு அது பென்சில்வேனியாவில் ஷாங்ஸ்வில் அருகே வெறும் வயலில் விழுந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக நாற்பது பேர் இறந்தார்கள். வாஷிங்டன் அங்கிருந்து இருபது நிமிடப் பறப்பு தூரம்தான்.

கடத்தல் தொடங்கியதிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் அந்தப் பயணிகளும் பணியாளர்களும் முப்பது வருடத்துப் பாடத்தை மறந்து புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். முதல் விமானத்தில் இருந்தவர்களைவிட அவர்கள் வீரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இவர்களுக்குச் சேதி கிடைத்தது, முதல் விமானத்தில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். எனக்கு இன்றும் அந்தத் தொலைபேசி அழைப்புகளை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

பழைய கணக்கு அன்றோடு முடிந்தது. மூன்று மாதம் கழித்து, 2001 டிசம்பர் 22 அன்று, பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் தன் ஷூவில் இருந்த வெடிமருந்துக்குத் தீக்குச்சி கிழித்தான். வாசனை பிடித்த பணிப்பெண்கள் முதலில் தடுத்தார்கள். சுற்றியிருந்த பயணிகள் நொடியில் சேர்ந்துகொண்டு, பெல்ட்டையும் ஹெட்போன் வயரையும் வைத்தே அவனைக் கட்டிப்போட்டார்கள்.

வீட்டைச் சுற்றி எத்தனை வேலி?

சரி, செக்கிங் பற்றிப் பேசிய அக்காவுக்கு வருவோம்.

உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். வெளியே மதில், மதில் மேல் மின்கம்பி, கேட், நாய், கதவுக்கு பர்கலர் கார்டு என்ற இரும்புக் கம்பி, உள்ளே அலாரம், அலாரம் அடித்தால் துப்பாக்கியோடு ஓடிவரும் ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் காவலர்கள். இதில் எது வீட்டைக் காக்கிறது? தனியாக எதுவும் இல்லை. மதில் ஏறத் தெரிந்தவன் நாயிடம் மாட்டுவான். நாய்க்குக் கறி போட்டவன் பர்கலர் கார்டில் நிற்பான். ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு, ஆனால் எல்லா ஓட்டையும் ஒரே நேர்க்கோட்டில் அமைவது அபூர்வம். இதற்குத்தான் ‘அடுக்குப் பாதுகாப்பு’ என்று பெயர்.

விமான நிலையத்தில் நாம் பார்க்கும் எக்ஸ்ரே பெட்டி அதில் ஓர் அடுக்கு மட்டுமே. டிக்கெட் வாங்கியவுடனேயே பெயர் சரிபார்ப்பு தொடங்கிவிடுகிறது. விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெரிய பெட்டிகளுக்குத் தனிச் சோதனை. செஷல்ஸில் துப்பாக்கி போனது அந்த வழியில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

எக்ஸ்ரே திரையில் என்ன தெரியும் என்று பலருக்குத் தெரிவதில்லை. பொருளின் நிறம் அங்கே தெரியாது, அது எதனால் ஆனது என்பதுதான் நிறமாக விழும். உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக், கூடவே பெரும்பாலான வெடிமருந்தும் ஆரஞ்சு நிறம். உலோகம் நீலம். எங்கள் குழுவில் ஒரு ஆயா போன தடவை சென்னையில் ஒரு பித்தளை வேல் வாங்கி, அதைக் கைப்பையில் வைத்துவிட்டார். ஒரு முழ நீளம், தைப்பூசக் காவடிக்கு என்று ஆசையாக வாங்கியது. திரையில் அது எப்படி இருந்திருக்கும்? கூர்முனையோடு அடர் நீலத்தில் ஓர் ஈட்டி. திரையைப் பார்த்த பெண் காவலருக்கு முருகனைத் தெரிந்திருந்தாலும் அதை விட்டிருக்க முடியாது. வேல், சூலம் எல்லாம் பெரிய பெட்டியில் போக வேண்டியவை. கற்பூரம் எந்தப் பெட்டியிலும் ஆகாது, தீப்பற்றும் பொருள். ஊறுகாயும் மாங்காய் அச்சாரும் எண்ணெயில் மிதப்பதால், பல நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். 2006 ஆகஸ்டில் திரவ வெடிமருந்தைக் குளிர்பானப் புட்டியில் கொண்டுபோகும் சதி ஒன்று லண்டனில் பிடிபட்டதிலிருந்து வந்த விதி அது.

இந்த அடுக்குகளில் 2001க்குப் பிறகு மிகப் பெரிய மாற்றம் விமானி அறைக் கதவு. முன்பெல்லாம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டுபோய் விமானி அறையைக் காட்டுவார்கள். 2000 டிசம்பர் 29 அன்று லண்டனிலிருந்து நைரோபி போன ஜம்போ விமானத்தில், மனநலம் குன்றிய ஒரு பயணி நேராக உள்ளே நுழைந்து கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்து இழுத்தார். விமானம் ஆயிரக்கணக்கான அடி சரிந்தது. விமானிகளும் ஓடிவந்த பயணிகளும் அவரை இழுத்துப் போட்டதால் கிட்டத்தட்ட நானூறு பேர் பிழைத்தார்கள். அப்போது திறக்க முடிந்த அந்தக் கதவை இன்று அசைக்க முடியாது. 2003 நவம்பர் 1 முதல் பெரிய பயணி விமானங்களில் துப்பாக்கிக் குண்டு துளைக்காத, உள்ளிருந்து பூட்டும் கதவு உலகெங்கும் கட்டாயம்.

அந்தக் கதவுக்கும் ஒரு விலை இருக்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கேப்டன் வெளியே போன நேரம் பார்த்து உள்ளே பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். வெளியில் இருப்பவனைத் தடுக்கும் பூட்டு கேப்டனையும் தடுத்தது. ‘இனி ஒன்றும் நடக்காது’ என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான், அக்கா. ஒவ்வொரு வேலியும் ஒரு வகை ஆளை நினைத்துக் கட்டியது.

ஆனாலும் அந்தக் கதவு பயணியின் வேலையை எளிதாக்கியிருக்கிறது. கத்தி வைத்திருக்கும் ஒருவன் இன்று விமானத்தையே ஆயுதமாக்குவது மிகக் கடினம். மிஞ்சியிருக்கும் ஆபத்து பெரும்பாலும் பயணிகள் அறைக்குள்தான்.

எல்லாச் சத்தமும் கடத்தல் அல்ல

பாய்ந்துவிட வேண்டும் என்ற தம்பிக்கு இது. வானத்தில் எழுந்து கத்துகிறவர்களில் ஆகப் பெரும்பாலோர் கடத்தல்காரர்கள் இல்லை. குடித்தவர், பயந்தவர், மருந்து எடுக்க மறந்தவர், மனம் உடைந்தவர். பணியாளர் சொல்லைக் கேட்காத இவர்களை ‘அடங்காப் பயணி’ என்கிறார்கள்.

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாஸ் வேகஸிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தில், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வெறிபிடித்தவன் போல விமானி அறைக் கதவை உதைத்தான். பயணிகள் அவனைக் கீழே போட்டு அமுக்கினார்கள். அவன் இறந்துபோனான். மூச்சுத் திணறல் என்றது பிரேதப் பரிசோதனை. அவனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அந்தப் பயணிகளும் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். இதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டுதான் பாய்வதைப் பற்றிப் பேச வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1963இல் உருவான டோக்கியோ ஒப்பந்தம்தான் அடிப்படை. அதன்படி விமானத்தில் அதிகாரம் கேப்டனுக்கு. ஒருவரைக் கட்டுப்படுத்தப் பயணிகளின் உதவியை அவர் கேட்கலாம், அனுமதிக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. விமானத்துக்கோ உள்ளே இருப்பவர்களுக்கோ உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், பயணி அனுமதிக்குக் காத்திராமல் நியாயமான அளவு தடுக்கலாம். தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. ‘உடனடி’, ‘நியாயமான அளவு’ என்ற சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. அடங்கிய பிறகும் அடிப்பதோ மார்பின் மேல் ஏறி உட்காருவதோ அந்த அளவுக்குள் வராது.

நம் நாட்டிலேயே 2006 ஜூனில் கேப் டவுனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் கிளம்பிய விமானத்தில் ஒரு இளைஞர் ஊசியைக் காட்டிப் பணிப்பெண்ணை மிரட்டி விமானி அறைக்குள் போகப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. அவரை உள்ளேயே அடக்கினார்கள், விமானம் கேப் டவுனுக்குத் திரும்பியது. கதவும் ஆட்களும் சேர்ந்து வேலை செய்த இடம் அது.

நடைமுறையில் நாம் செய்யக்கூடியது: சந்தேகமாக எதையாவது பார்த்தால் முதலில் பணியாளரிடம் மெதுவாகச் சொல்வது. அவர்கள் உதவி கேட்டால் கேட்டதை மட்டும் செய்வது. நடைபாதையில் நின்று வீடியோ எடுத்து வழியை மறிக்காமல் இருப்பது. பெல்ட்டைப் போட்டே வைத்திருப்பது.

கொமோரோ கடலில் கற்றது

இதைக் கடைசிக்கு வைத்தேன். மண்டபத்தில் யாருமே கேட்காத விஷயம் இது, ஆனால் பல உயிரைக் குடித்தது இது.

1996 நவம்பர் 23. ஆடிஸ் அபாபாவிலிருந்து நைரோபி போன எத்தியோப்பியன் 961. மூன்று பேர் கடத்தினார்கள். பதினொரு பேர் இருக்கிறோம், குண்டு இருக்கிறது என்றார்கள். குண்டு என்று காட்டியது திறக்காத மதுப் புட்டி. ஆஸ்திரேலியாவுக்குப் போகச் சொன்னார்கள். எண்ணெய் நைரோபிக்குத்தான் இருக்கிறது என்று கேப்டன் லெயூல் அபாத்தே எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. இருக்கையில் இருந்த பத்திரிகையில் இந்த வகை விமானம் பதினொரு மணி நேரம் பறக்கும் என்று போட்டிருந்ததாம். எண்ணெய் தீர்ந்து முதல் எஞ்சின் நின்றபோது கேப்டன் ஒலிபெருக்கியில் நிலைமையைச் சொல்லி, கடத்தல்காரர்களை எதிர்க்குமாறு பயணிகளைக் கேட்டார். குண்டு இருக்கிறது என்று நம்பிய ஜனங்கள், நேரமும் இல்லை, அசையவில்லை. இங்கேயும் சேதிதான் குறுக்கே நின்றது.

விமானம் கொமோரோ தீவுக் கரைக்கு அருகே கடலில் இறங்கி உடைந்தது. கரையில் நம் நாட்டிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்தவர்களும் இருந்தார்கள், தண்ணீரில் கிடந்தவர்களைப் படகில் போய்த் தூக்கினார்கள். 175 பேரில் 125 பேர் இறந்தார்கள்.

அவர்களில் பலர் மோதலில் சாகவில்லை. பயத்தில், விமானம் இறங்கும் முன்பே உயிர்காப்புச் சட்டையை ஊதிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே புகுந்ததும் காற்று நிறைந்த சட்டை அவர்களை மேலே தூக்கிக் கூரையோடு ஒட்டிவிட்டது. வெளியேறும் வழியோ தண்ணீருக்குக் கீழே. ஊதிய சட்டையோடு மூழ்கி அந்த வழியை அடைய முடியாது. பானைக்குள் பந்தைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், கையை மீறி மேலே வரும். அதுதான் நடந்தது.

இதை மண்டபத்தில் சொன்னபோது வேல் ஆயா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்போ எப்பப்பா ஊதுறது?” என்று கேட்டார்.

கதவைத் தாண்டி வெளியே வந்த பிறகு, ஆயா. முதலில் சட்டையைத் தலைவழியாக மாட்டி வாரைக் கட்டிக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். முன்னால், பின்னால் எது பக்கத்துக் கதவு என்று உட்காரும்போதே வரிசையை எண்ணி வைத்திருங்கள், இருட்டில் கையால் தடவியே போகும்படி. வாசலில் கால் வைத்து வெளியே வந்ததும் அந்தச் சிவப்புப் பட்டையைப் பிடித்து இழுங்கள்.

அவர் தன் புடவைத் தலைப்பைப் பட்டையாகப் பாவித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.